நடக்காத விருந்தின் செயலாளர்

மட்டன் ரோலை நடுவால் பிளந்து, மூக்கருகே கொண்டுபோய், பிறகு யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சண்முகலிங்கம் வாயில் வைப்பார். மென்று முடியும்வரை கண்களை மூடியிருப்பார். திறந்ததும், "கிழங்கு கூடிப்போச்சு மர்ஸூக். இறைச்சியைத் தேட வேண்டிக் கிடக்கு," என்பார்.

மர்ஸூக் வெள்ளவத்தையில் விருந்துச் சாப்பாடு செய்து கொடுப்பவர். பொறுமைசாலி, ஆனாலும் மனிதர். "மொத தடவ நீங்க ருசி பாக்க வந்த நேரம் என்ட மகளுக்கு மாப்புள பாத்துக்கிட்டு இருந்த. இப்ப பேத்தியும் பொறந்திட்டா சேர். ஒங்கட பார்ட்டி மட்டும் இன்னும் பொறக்கல்ல," என்றார் ஒருநாள். சண்முகலிங்கம் சிரிக்கவில்லை. "முதல்ல ரோல் சரியா வரட்டும்," என்று மீன் கட்லட்டை எடுத்தார்.

பார்ட்டி என்பது அவருடைய வகுப்பின் ஒன்றுகூடல். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் 1956இல் படிப்பை முடித்தவர்கள். நாற்பதாம் நிறைவை 1996இல் கொழும்பில் கொண்டாட எண்ணினார்கள். செயலாளராகச் சண்முகலிங்கத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய நேர்மை. அரசாங்கக் கணக்காய்வில் ஆயுள் முழுவதும் இருந்தவர். சொந்த மைத்துனரின் கந்தோருக்குக் கணக்குப் பார்க்கப் போய், அவர் வாங்கிக் கொடுத்த தேநீருக்கும் மேசையில் சல்லி வைத்துவிட்டு வந்தாராம். மைத்துனர் அதன்பிறகு அவருடன் கதைத்ததில்லை. இப்படிப்பட்ட ஒருவரிடம் ஒரு மத்தியான விருந்தை ஒப்படைத்தால் அது குறித்த நிமிடத்தில் தொடங்கும் என்று வகுப்பு நம்பியது. இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தது.

கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குக் காலி வீதியில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை இருந்தது. ஒரு தட்டச்சு யந்திரம், ஒரு ரெலிபோன், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் புளோறன்ஸ் என்ற எழுதுவினைஞர்: இவ்வளவுதான் சங்கத்தின் அலுவலகம். வேறு ஒரு வகுப்புக்காரனான நானும் அங்கே பொழுது போக்கப் போவேன். அழைப்புக் கடிதங்களை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அடித்து, சங்கத்தின் முத்திரையைக் குத்துவது புளோறன்ஸின் வேலை. "சேர், டேட்டு என்ன போட?" என்று கேட்பாள். "போன தரம் போட்டதிலிருந்து மூண்டு மாசம் தள்ளிப் போடு, பிள்ளை."

முதல் திகதி உண்மையாகவே தவறியது. அந்தக் கிழமை முழுவதும் நகரத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு. கொழும்புக்காரர்களுக்கு ரெலிபோனில் சொல்லி நிறுத்திவிட்டார்கள். வடக்கிலிருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை. ஆகவே விருந்தில்லாத விருந்துக்கு ஒரே ஒருவர் வந்து சேர்ந்தார். இராசரத்தினம், வகுப்பில் மூத்தவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வவுனியாவில் அகதி முகாமில் இருந்தவர்.

அந்த நாட்களில் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வர ஒருவருக்கு இராணுவத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குக் காரணம் வேண்டும். இராசரத்தினத்திடம் உண்மையான காரணம் ஒன்று இருந்தது; அதை வெளியே சொல்ல முடியாது. வெளிநாடு போகவென்று வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருந்த மகனைப் பிடித்துக்கொண்டுபோய், வழக்கும் இல்லாமல் தெற்கே ஒரு சிறையில் வைத்திருந்தார்கள். மகன் உள்ளே என்று பாஸ் கந்தோரில் சொன்னால் தகப்பன்மீதும் கண் விழும். ஆனால் சங்க முத்திரை குத்திய விருந்து அழைப்பைக் காட்டியதும் அங்கிருந்த சிப்பாய் சிரித்துவிட்டானாம். கிழவர்கள் கூடிப் பிரியாணி தின்பதில் நாட்டுக்கு என்ன ஆபத்து?

"பொடியனை ஒருக்காப் பார்த்திட்டன் மச்சான். மெலிஞ்சு போனான்," என்று சண்முகலிங்கத்தின் பாமன்கடை வீட்டில் இராசரத்தினம் சொன்னாராம். மறுநாள் காலை சண்முகலிங்கம் சங்க அறைக்கு வந்து, ஒன்றுகூடலுக்குப் புதிய திகதி குறித்தார்.

இதைப் பொய்க் கடிதம் என்று நான் ஒருமுறை சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தம்பி, நான் கணக்கு ஒடிற்றில இருந்தனான். பொய்க் கடிதத்தில கையெழுத்து வைக்கிறவன் நானில்லை," என்றார். சொன்னபடியே நடந்தார். ஒவ்வொரு தடவையும் விருந்தை முழுமனதோடு ஒழுங்கு செய்தார். மண்டபத்தை நேரில் போய்ப் பார்த்தார். மின்விசிறிகளைப் போட்டு நிறுத்தினார். சட்டையில் குத்தும் பெயர் அட்டை நீலமா பச்சையா என்று பழைய நண்பர்களோடு மல்லுக்கட்டினார். மர்ஸூக்கின் ரோலை முகர்ந்தார். இராசரத்தினம் வந்து, மகனைப் பார்த்து, திரும்பிய பிறகுதான் பிற்போடக் காரணம் தேடுவார். ஒரு காரணத்தையும் அவர் கற்பனை செய்ததில்லை. ஊரடங்கு, குண்டு, வீதித்தடை, மண்டபக்காரரின் தாயாரின் மரணம். காரணத்துக்குக் கொழும்பில் அந்நாட்களில் பஞ்சமில்லை.

அந்தச் சிப்பாய் மறுபடியும் சிரித்தாலும், கொழும்பில் வந்து தங்குபவர் பொலிஸில் பதிய வேண்டும். அங்கேயிருந்த இன்ஸ்பெக்டர் அவ்வளவு சிரிப்பவரல்லர். 1998 நவம்பரில் ஒருநாள் சங்கத்தின் படிகளில் ஏறி வந்து, தொப்பியைக் கழற்றிப் புளோறன்ஸின் யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "மே பார்ட்டிய தியெனவத, நெத்த?" என்றார். இந்த விருந்து இருக்கிறதா, இல்லையா? ஒரே மனிதன் ஒரே விருந்துக்கு எத்தனை தரம் வருவான் என்றும் கேட்டார். சண்முகலிங்கம் எழுந்து நின்று, டிசம்பர் இரண்டாம் ஞாயிறு கட்டாயம் நடக்கும், தாங்களும் வர வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம்வரை சண்முகலிங்கம் யன்னலோடு நின்றார். விருந்து நடக்காவிட்டால் கடிதம் பொய். இராசரத்தினமும் உள்ளே, அவரும் உள்ளே. நடந்துவிட்டாலோ, இனிக் காரணம் இல்லை. அப்போதுதான் ஒரு சட்டத்தரணி மகனின் விஷயத்தைக் கையிலெடுத்து, பெப்ரவரியில் வழக்கு மன்றுக்கு வரும், தகப்பன் நேரில் நின்றால் பிணை கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். புளோறன்ஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "சேர், பார்ட்டி வெக்கத்தானே இவ்வளவு பாடுபட்டீங்க. இப்ப வெக்கப் போறோம்னு மூஞ்சிய தொங்கப் போட்டா?" என்றாள். தேநீர் ஆறிப்போனது.

டிசம்பர் ஞாயிறன்று குண்டு வெடிக்கவில்லை, மழையும் இல்லை, மண்டபக்காரர் வீட்டில் எல்லோரும் சுகம். வந்த நண்பர்கள் ஒரு நீள மேசையை நிரப்பவில்லை. மற்றவர்கள் சிலர் கனடாவில், சிலர் லண்டனில், சிலர் எங்கே என்று யாரும் கேட்டுக்கொள்ளாத இடத்தில். இன்ஸ்பெக்டர் பூப்போட்ட சேட்டுடன் வந்து, இராசரத்தினத்துக்குப் பக்கத்துக் கதிரையிலேயே அமர்ந்து, ரோலை முகராமல் தின்று, நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார். இராசரத்தினம் பிரியாணியைக் கரண்டியால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். சண்முகலிங்கம் எல்லோருக்கும் பரிமாறினார். தனக்கென்று சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை.

சாப்பாடு முடிய, புளோறன்ஸ் தன் வீட்டில் செய்த கேக்கைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். வெள்ளை ஐசிங்கில் 1956. மூத்தவர் வெட்ட வேண்டும் என்று இராசரத்தினத்தின் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். கைதட்டத் தொடங்கியவர்களைச் சண்முகலிங்கம் கையுயர்த்தி நிறுத்தினார்.

"சங்க யாப்பு விதிப்படி, அரைவாசிப் பேர் சமுகம் தராட்டி கூட்டம் கூடினதாகாது. இண்டைக்கு அரைவாசி இல்லை."

வகுப்பின் வாயாடியான பல் வைத்தியர் கதிரையிலிருந்தே கத்தினார்: "டேய் சண்! பிரியாணியைத் திண்டு ஏப்பமும் விட்டாப் பிறகோ கணக்கெடுக்கிறாய்?"

"அது சாப்பாடு. ஒன்றுகூடல் வேறை."

"விசரா, அரைவாசிப் பேர் இனி எந்தக் காலத்திலையடா வரப்போறாங்கள்?"

சிரித்துக்கொண்டு தொடங்கியவர் கடைசிச் சொல்லுக்கு வரும்போது சிரிக்கவில்லை. மேசையில் எல்லோரும் அவரவர் கோப்பையைப் பார்த்தார்கள்.

"வரும் மட்டும் பிற்போடுவம்," என்றார் சண்முகலிங்கம். "அடுத்த திகதி பெப்ரவரி."

அப்படியொரு விதி உண்மையாகவே இருக்கிறது. நான் பிறகு யாப்பை எடுத்துப் பார்த்தேன். அது ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான விதி. எந்தக் கூட்டத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு, இதை எழுதலாமா என்று நான் கேட்டபோதுகூட, "எழுது, ஆனால் நான் பொய் சொன்னதா எழுதாதை," என்றுதான் சொன்னார்.

பிறகு அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, உத்தியோகத்துக்காகப் பரீட்சை எழுதிப் படித்த சிங்களத்தில், சொல் சொல்லாக அதையே திருப்பிச் சொன்னார். கேட்டு முடித்த இன்ஸ்பெக்டர், கத்தியைப் பிடித்தபடி நின்ற இராசரத்தினத்தை நெடுநேரம் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கடதாசியால் வாயைத் துடைத்தார்.

"எஹெனங் மாத் எனவா."

அப்படியென்றால் நானும் வருகிறேன். அவர் எச்சரித்தாரா, இரங்கினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"சேர், கேக்கு?" என்றாள் புளோறன்ஸ், மெல்ல.

"கிடக்குமோ பிள்ளை, பெப்ரவரி மட்டும்?"

"ரிச் கேக் சேர். பிராந்தி ஊத்தினது. ஒண்ணும் ஆகாது."

சண்முகலிங்கம் இராசரத்தினத்தின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கத்தியை வாங்கினார். பெட்டியின் மூடியைப் போட்டு, அறுந்திருந்த நூலின் இரு முனைகளையும் தேடிப் பிடித்து, பல்லால் இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.