உப்புப் போடாத ஐஸ்

ஐஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூரில் உட்கார்ந்து விற்பவள் நான். விடியலில் எடுத்த சங்கரா சாயங்காலம் நாலு மணிக்கும் என் கூடையில் கண் தெளிந்து விறைப்பாகக் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்காரும் பெண்களின் மீன் மத்தியானமே தொய்ந்துவிடும். நான் நொறுக்கிய ஐஸின் மேல் இரண்டு கை கல் உப்பைத் தூவி, ஈரச் சாக்கைப் போட்டு மூடுவேன். உப்புப் பட்ட ஐஸ் கடிக்கும். விரலை வைத்தால் பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவீர்கள். அந்தக் கடிதான் மீனை நிறுத்தி வைக்கிறது. ஐஸ் விஷயத்தில் சண்டை வந்தால் என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிறவர். கிளம்பினால் எட்டு நாள் கழித்துத்தான் கரை. அறுபதைத் தாண்டியும் ஸ்டியரிங்கை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வராத ஆள். நாலு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்தால் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கி என் உயிரை வாங்குவார். அவருக்கு வெகு காலமாகச் சர்க்கரை. மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். போன வருஷம் டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டார். காலையில் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, தானே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து சூடேறக் கூடாது.

"ஒழுங்கா வெச்சு ஒழுங்கா போட்டுக்கிட்டா கடலுக்குப் போகலாம். இல்லன்னா இனிமே கரைதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டிலாவது பிரிட்ஜ் இருக்கிறது. படகில் என்ன செய்வது? ஓட்டுகிற கேபின் என்ஜினுக்கு மேலே இருக்கிறது, பகலெல்லாம் அடுப்புமேல் உட்கார்ந்த மாதிரி. கீழே ஐஸ் அறையில் வைக்கலாமென்றால், அங்கே ஆள் இறங்கி மண்வெட்டியால் ஐஸை வாரி மீன்மேல் கொட்டிக்கொண்டே இருப்பான். விரல் நீளப் பாட்டில் எங்கே போகும் என்று கடலுக்குத்தான் தெரியும். தெர்மாகோல் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாளே உருண்டு மூலை உடைந்துவிட்டது.

எம்.கே.பி. நகரில் இருக்கும் என் மகள்தான் அந்த நீலப் பையைக் கொண்டுவந்தாள். வெளியே ரெக்சின் மாதிரி துணி, உள்ளே வெள்ளித் தாள், நடுவில் பஞ்சு மாதிரி ஏதோ, மேலே ஜிப், தோளில் மாட்ட வார்.

"இன்னாடி, மெத்தைய மட்ச்சு எட்துகினு வந்துகிற?"

"ஐஸ் பேக்மா. போட்ல ஜாலியா சுத்தப் போறவங்க இதுலதான் கூல்ட்ரிங்ஸ் வெச்சிகினு போவாங்க."

"மெத்தைக்குள்ள ஐஸ் நிக்குமா?"

"வெச்சுப் பாரு. அப்பால பேசு."

வைத்துப் பார்த்தேன். காலையில் போட்ட ஐஸ் மறுநாள் காலையிலும் பாதிக்கு மேல் இருந்தது. பை உருளாது, உடையாது. கேபின் கொக்கியில் மாட்டினால் படகு ஆடும்போது அதுவும் கூடவே ஆடும். எனக்கு அந்தப் பையைப் பிடித்துப்போயிற்று.

படகு கிளம்புகிற அன்று காலையில் நானே கட்டினேன். ஐஸ் நொறுக்கும் இடத்திலிருந்து அப்போதுதான் வந்த ஐஸ், புகை விட்டுக்கொண்டிருந்தது. பை முழுக்க நிரப்பினேன். மருந்துப் பாட்டில்கள் ஒவ்வொன்றும் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன. பெட்டி நனைந்து கூழாகும், இடத்தையும் அடைக்கும் என்று கிழித்துப் போட்டேன். அதன் மேல் ஏதோ இங்கிலீஷில் இருந்தது. நான் மூன்றாவது வரை படித்தவள். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பாட்டில்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஐஸ் நடுவில் புதைத்தேன். பிறகு என் கை அதன் பழக்கத்துக்குப் போயிற்று. இரண்டு கை கல் உப்பு.

ஜிப்பை இழுத்து மூடி, உப்பு மூட்டையிலிருந்து எட்டுப் பிடியைத் தனியாகக் கட்டி அவரிடம் கொடுத்தேன்.

"தெனம் ஐஸ் மாத்துறப்போ ஒரு பிடி தூவு. எட்டு நாளைக்கு ஒண்ணியும் ஆவாது."

"இன்னாமே, எனக்கு மருந்து கொடுக்குறியா, மீனு பதப்படுத்திக் கொடுக்குறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நீ கெட்டுப் போவாம இருந்தா சரி."

சிரித்துக்கொண்டே போனார்.

ஐந்தாம் நாளே படகு திரும்பிவிட்டது. நான் துறைமுகத்தில் கூடைக்கு மீன் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படகு இத்தனை சீக்கிரம் வருவதைப் பார்த்ததும் கூடையை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். இரண்டு பேர் தோளில் தாங்கி அவரை இறக்கினார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஆயா, மூணு நாளா தண்ணி தண்ணின்னு குடிக்கிறாரு, குடிச்சதும் பின்பக்கம் போய் நிக்கிறாரு" என்றான் வலை இழுக்கிறவன் ஒருவன். "நேத்து எதிர்ல வர்ற படகு லைட்டே தெரியலன்றாரு. நாங்கதான் திருப்பிகினு வந்தோம்."

"ஊசி போட்டுகினியா இல்லியா?" என்று அவரைக் கேட்டேன்.

"ஒரு வேளகூட உடல" என்றார் அவர். "மருந்து கல்லு மாதிரி இருந்துச்சு. உள்ளங்கையில வெச்சு சூடு பண்ணிப் போட்டுகினேன்."

கல்லு மாதிரி என்று அவர் சொன்னது அப்போது என் காதில் பெருமையாகவே விழுந்தது. ஐஸ் அவ்வளவு நன்றாக நின்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மருந்து கொடுத்த இடத்தில்தான் தப்பு, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி போகிற ஆட்டோவில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

அவரைப் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். சர்க்கரை வார்டு நர்ஸிடம் மிச்சமிருந்த பாட்டிலை நீட்டினேன். அந்தப் பெண் அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது பால் மாதிரி ஒண்ணா கலங்கணும்மா. பாருங்க, திப்பி திப்பியா ஒட்டிட்டிருக்கு. உறைஞ்சு போயிருக்கு. எதுல வெச்சீங்க?"

"ஐஸ்லதான். நல்லா குளிரா."

"வெறும் ஐஸ்லயா?"

"நல்ல ஐஸ்தான்" என்றேன். அவள் விடவில்லை.

"சொல்லுங்கம்மா, ஐஸோட வேற என்ன போட்டீங்க?"

"உப்பு."

அவள் திட்டவில்லை. மருந்துப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அந்த இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "உறைய விடாதேன்னு போட்டிருக்கு. சூடு பட்டா மெதுவா வீக்காகும். உறைஞ்சா முழுசா போச்சு. மறுபடி உருகினாலும் வேலைக்காகாது. அஞ்சு நாளா அவரு வெறும் தண்ணியைத்தான் குத்திக்கிட்டிருக்காரு."

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் கிழித்துப் போட்ட அட்டையை நினைத்தேன். அவர் உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணியதை நினைத்தேன். அன்று முழுக்க நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

அவர் தேறி வீட்டுக்கு வந்த பிறகு படகின் சொந்தக்காரர் ஆள் அனுப்பினார், இனி வேறு ஒருவர் ஓட்டட்டும் என்று. இவர் படியில்கூட ஏறி இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை சொந்தக்காரரைத் தேடி ஐஸ் நொறுக்கும் இடத்துக்கே போனேன். அங்கே எப்போதும் கூட்டம். என்னோடு மீன் விற்கிறவர்கள் பத்துப் பேராவது வரிசையில் நின்றிருந்தார்கள்.

"நைனாவுக்கு வயசாச்சு ஆயா. நடுக்கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்றார் சொந்தக்காரர்.

"வயசால ஆவல. ஒடம்பாலயும் ஆவல. மருந்து கெட்டுப் போச்சு. கெடுத்தது நானு. ஐஸ்ல உப்பு போட்டேன்."

மிஷின் சத்தத்துக்கு நடுவிலும் எல்லோருக்கும் கேட்டது. வேண்டுமென்றேதான் அவ்வளவு உரக்கச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

"நீயா?" என்றார். "ஐஸ்ல நீயே தப்பு பண்ணியா?"

"நானேதான். அடுத்த தபா ஒயுங்கா கட்டுவேன். ஒரு ட்ரிப் குடு. எட்டாம் நாளு அவரு தானா நடந்து எறங்கலன்னா நானே வூட்ல குந்த வெச்சுடறேன்."

அவர் யோசித்து, டாக்டர் சரி என்றால் சரி என்றார். வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும், "ஏன் ஆயா, உப்பு போட்ட, மஞ்சத்தூளும் போட்டிருந்தா வறுத்திருக்கலாமே" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் நின்று கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

கட்டுவேன் என்று சொல்லியாயிற்று. எப்படிக் கட்டுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். காலியான மருந்துப் பாட்டில் ஒன்றில் தண்ணீர் அடைத்துப் பையில் வைத்து, மீன் விற்கிற இடத்துக்கே பையையும் தூக்கிக்கொண்டு போனேன். முதல் நாள் உப்பில்லாமல், ஆனால் புகை விடுகிற புது ஐஸ். சாயங்காலம் பாட்டில் ஓரத்தில் கொஞ்சம் உறைந்திருந்தது. அங்கேதான் பிடி கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் ஐஸ் காய்ந்திருக்கும், அதுவும் கடிக்கிற ஐஸ்தான். அதைத் தட்டில் கொட்டி, சொட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் விட வேண்டும். சொட்டுகிற ஐஸ் குளிர வைக்கும், உறைய வைக்காது. மறுநாள் அப்படிச் செய்தேன். பாட்டிலில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அன்றைக்கு இன்னொரு வேலையும் செய்தேன். பையில் இடம் இருக்கிறதே என்று நாலு சங்கராவை உள்ளே திணித்தேன். அதன் முதுகு முள் வெள்ளித் தாளைக் குத்திவிட்டது. தண்ணீர் பஞ்சுக்குள் இறங்கி, மறுநாள் பை கலீஜ் ஆகி நாறிற்று. சோப்புத் தண்ணீரில் எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துக் கழுவி, வாயைத் திறந்து நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். வெயிலில் காயப்போட்டால் தாள் வெடித்துவிடும். ஓட்டையை சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற ஒட்டுப் போட்டு அடைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பைக்குள் மீன் போனதில்லை.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். ஜிப் பல்லில் உப்புத் தண்ணீர் காய்ந்தால் இறுகிப்போகும். அதனால் கடல் தண்ணீரில் கழுவக் கூடாது, நல்ல தண்ணீரில் துடைத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட வேண்டும். ஐஸ் குறைந்து பைக்குள் வெற்றிடம் விழுந்தால் அங்கே துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். மருந்துக்கு இறுக்கமான மூடி போட்ட டப்பா, அதைச் சுற்றி டர்க்கி டவல், அதற்கு வெளியே ஐஸ். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தினம் ஒரு முறை மட்டும் ஐஸ் அறையிலிருந்து மீன் படாத மேல் ஐஸை எடுத்து, சொட்ட விட்டுப் போட்டு உடனே மூட வேண்டும். டப்பாவுக்குள் மருந்தோடு என் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கும். ஊசி போடும் முன் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஆடினால் மருந்து நல்லது. இதை அவரிடம் மூன்று முறை சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

"நாப்பது வருசமா நான்தான்மே படகு ஓட்டுறேன்" என்றார்.

"படகு ஓட்டு. பையை நான் சொன்ன மாதிரி தூக்கு."

டாக்டர் ரத்தம் பார்த்துச் சரி என்றார். படகு கிளம்பிற்று. அந்த எட்டு நாளும் நான் ஒரு நாள்கூட வியாபாரத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஐஸ்மேல் உப்புத் தூவும்போதெல்லாம் கை ஒரு தரம் நின்று போகும்.

எட்டாம் நாள் காலை படகு வந்தது. முதலில் பெட்டிகள் இறங்கின. பிறகு அவர் இறங்கினார், தோளில் நீலப் பை, யாரும் தாங்கவில்லை. சொந்தக்காரர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் தலையை ஆட்டிவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்விட்டார். நான் பையை வாங்கி ஜிப்பை இழுத்தேன். ஐஸ் இருந்தது. டவல் சில்லென்றிருந்தது. டப்பாவுக்குள்ளிருந்து என் பாட்டிலை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினேன். தண்ணீர் ஆடிற்று. அன்று மத்தியானமே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் விரலில் குத்திப் பார்க்க வைத்தேன். நர்ஸ் மிஷினைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "பரவாயில்லையேம்மா" என்றாள். பரவாயில்லை என்ன, நான் கட்டியது.

அதற்குப் பிறகு பல ட்ரிப் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் பை கட்டுகிற நேரத்தில் மட்டும் எங்கிருந்தாலும் வந்து என் முன்னால் நிற்பார்.

"கையக் காட்டுமே."

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவேன். குனிந்து பார்ப்பார், ஒரு விரலால் தடவி நாக்கில் வைத்தும் பார்ப்பார். பிறகுதான் ஜிப்பை மூட விடுவார். வேறு யாராவது என்னை இப்படிச் சோதித்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன். அவருக்குக் காட்டுகிறேன்.