கீழ் வீட்டு சீலிங்

எங்கள் குளியலறைத் தண்ணீர் ஆறு வருடங்கள் கீழ் வீட்டில் ஒழுகியது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்து என்னிடமே சொன்னார், ஒரு தடவை அல்ல, பல தடவை.

செம்பூரில் பழைய நான்கு மாடிக் கட்டடம் அது. மூன்றாவது மாடியில் நானும் என் மனைவியும். எங்களுக்கு நேர் கீழே அந்த அக்காவும் அவருடைய கணவரும்; அவரை அண்ணன் என்போம். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தார். அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் முறை வந்தபோது வாசலிலேயே நின்றார். “தம்பி, உங்க பாத்ரூமுக்குக் கீழ எங்களுக்கு லீக்கேஜ் ஆவுது. பிளம்பர வரச்சொல்லி ஒருக்கா காட்டுங்களேன்.”

காட்டினேன். பிளம்பர் தரையைப் பார்த்துவிட்டு, டைல்ஸ் எல்லாம் உடைத்து வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகப் போட வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் குளியலறை இருக்காது என்றார். வீடு முழுக்கத் தூசி, ஆபீசுக்கு லீவு, காலையில் குளிக்க எங்கே போவது என்று நாங்கள் இருவரும் பேசினோம். கடைசியில் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமென்ட்டைத் தேய்க்கச் சொன்னேன். அக்காவிடம், “சரி பண்ணியாச்சுக்கா” என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் வந்தார். “பில்டிங்கே பழசுக்கா. எல்லா வீட்லயும் ஒழுகத்தான் செய்யுது” என்று அனுப்பிவைத்தேன். கட்டடத்துச் சோசைட்டி செக்ரட்டரிக்கு அக்கா ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்னைப் பதில் சொல்ல வைத்திருக்கலாம். அவர் எழுதவில்லை. ஒரே ஊர்க்காரர்களுக்குள் என்ன புகார் என்று என் மனைவியிடம் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லக் கூசுகிறது. மணி அடித்தால் கதவிலுள்ள சின்னக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அக்கா என்றால் உதட்டில் விரல் வைத்து மனைவியைப் பேசாமல் இருக்கச் சொல்வேன். டிவி சத்தத்தைக் குறைப்பேன். அக்கா இரண்டு முறை அடித்துவிட்டு, கொஞ்சம் நின்று, படியிறங்குவார். அவர் செருப்புச் சத்தம் நின்ற பிறகுதான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

ஒழுகுகிற வீடு என்றால் என்ன என்று தெரியாதவன் இல்லை நான். தாராவியில் தகரக் கூரைக்கு அடியில், பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஆணியில் மாட்டி வைத்துப் படித்தவன்.

பாண்டுப்பில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று அமைந்துவரவே, செம்பூர் வீட்டை விற்கத் தீர்மானித்தோம். பெயிண்டரை வரவழைத்தேன். குளியலறையை ஒட்டிய சுவரில் உப்பு பூத்துக் கிடந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கை பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். அப்படியும் மனசு கேட்காமல் அலமாரியை அந்தச் சுவர்ப் பக்கம் நகர்த்தினேன்.

வாங்க வந்தவர்கள் இளம் தம்பதி. அவர்களும் தமிழர்கள்தான். வீட்டைச் சோதித்துப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து ஓர் இன்ஜினியரை அழைத்து வந்திருந்தார்கள். அறுபது வயது இருக்கும். அவசரமே இல்லாத மனிதர். ஜன்னல்களைத் திறந்து மூடினார். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு நின்று பார்த்தார். குளியலறைத் தரையை ஒரு சின்னக் கம்பியால் தட்டிக்கொண்டே போனார். பல இடங்களில் உள்ளே ஒன்றுமில்லாதது போல ஓசை வந்தது. பிறகு அலமாரியைத் தள்ளச் சொல்லி, கையிலிருந்த ஈரம் பார்க்கும் கருவியின் இரண்டு ஊசிகளைப் புதுப் பெயிண்டில் அழுத்தினார். அது கீச்கீச்சென்று கத்தியது.

“பாத்ரூம்ல தண்ணி நிறைச்சுப் பாக்கணும் சார்” என்றார். “தண்ணி போற ஓட்டைய அடைச்சுட்டு ரெண்டு இன்ச் நிக்கட்டும். நாளைக்கு வந்து கீழ இருக்கற சீலிங்கப் பாக்கறேன். கீழ யாரு இருக்கா?”

“கீழ ஆளில்ல சார். ஊருக்குப் போயிருக்காங்க. பூட்டிக் கிடக்கு.”

சொல்லி வாய் மூடவில்லை, குளியலறை ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து குக்கர் விசில் கேட்டது. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அந்தத் தம்பதி அவர் பின்னால் போனார்கள். நானும் போனேன்.

அக்கா கதவைத் திறந்தார். இன்ஜினியரையும் அவர் கையிலிருந்த பையையும், பிறகு என்னையும் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

“ஒருவழியா ஆளக் கூட்டிட்டு வந்துட்டியளா தம்பி! உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க.”

ஒழுக்கைச் சரிசெய்ய நான் ஆள் கூட்டி வந்திருப்பதாக நினைத்துவிட்டார். யாரும் அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

ஹாலில் அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். நல்ல கையை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னார். அந்தக் கட்டில் ஹாலில் கிடப்பதைப் பாதி திறந்த கதவு வழியாக முன்பே பார்த்திருக்கிறேன். டிவி பார்க்க வசதியாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா படுக்கையறைக்கு எங்களை அழைத்துப் போனார். சீலிங்கின் ஒரு பாதியில் பூச்சே இல்லை. துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. அதன் கீழே நீலப் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஆணியில் கட்டியிருந்தார். அதன் நடுவில் ஒரு துளை போட்டு, அதிலிருந்து கயிறு ஒன்றை வாளிக்குள் இறக்கியிருந்தார். கயிற்றின் வழியாக எங்கள் வீட்டுத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி இவுக படுத்திருக்கையில ஒரு துண்டு பேத்துக்கிட்டு விழுந்துட்டு சார். நல்லவேள, தலையில விழல. தோள்பட்டையில. பொறவுதான் கட்டில ஹாலுக்கு இழுத்தேன்.” என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கே உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன் தம்பி. பெல் அடிச்சுப் பாத்தேன். வீட்ல யாரும் இல்ல போல.”

டீ போட்டுக் கொடுத்தார். “எத்தன நாள் வேல சார்?” என்று இன்ஜினியரிடம் கேட்டார். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு, “பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்மா” என்றார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் படியில் நின்றாள். “அங்கிள், ஆப்கோ மாலூம் தா” என்று இந்தியில் சொன்னாள். உங்களுக்குத் தெரிந்திருந்தது. கேள்வியாகக்கூட அவள் கேட்கவில்லை. இருவரும் விறுவிறுவென்று இறங்கிப் போனார்கள்.

இன்ஜினியர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். “வீடு விக்கறத அப்புறம் யோசிங்கோ. மழைக்கு முன்னாடி வேலைய முடிங்கோ. அந்த ஸ்லாப் மனுஷா மேல விழப்போறது.”

வீட்டுக்குள் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். குக்கர் விசிலையும் சொன்னேன். அவள், “நாளைக்கே ஆள வரச்சொல்லுங்க” என்றாள்.

மேலே டைல்ஸை உடைத்தார்கள். கீழே கம்பிகளின் துருவைத் தேய்த்து, புதிதாகப் பூசினார்கள். முதல் நாள் காலையிலேயே அக்கா வந்துவிட்டார். “குளிக்க எங்க போவிய? எங்க பாத்ரூம்ல குளிச்சிக்கிடுங்க” என்றார். மறுக்க எங்களுக்கு வழியும் இல்லை. தினமும் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சோப்புப் பெட்டியோடு, அண்ணனின் கட்டிலைக் கடந்து போனோம். அவர் ஒவ்வொரு நாளும் நல்ல கையைத் தூக்கினார். அக்கா எனக்கு வெந்நீர் வைத்திருந்தார்.

நான்காம் நாள், அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. அக்கா தையல் மிஷினில் இருந்தார்.

“அக்கா, அன்னைக்கு வந்தவரு ரிப்பேருக்கு வந்தவரில்ல. நாங்க வீட்ட விக்கப் பாத்தோம். வாங்குறவங்க கூட்டிட்டு வந்த ஆளு அவரு. கீழ ஆளே இல்லன்னு அவருகிட்ட பொய் சொன்னேன். நீங்க பெல் அடிச்சப்பவும் நாங்க உள்ளதான் இருந்தோம்.”

மிஷின் நின்றது.

“எத்தன தடவ?”

எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. அக்கா துணியிலிருந்து ஊசியை மெல்ல மேலே தூக்கினார்.

“இத ஏன் இப்பம் எங்கிட்ட சொல்லுதிய?”

என் பாரத்தை இறக்கிவைக்க அவர் வீட்டைத் தேடி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“போயிக் குளிங்க. ஆபீசுக்கு நேரமாவுதுல்லா” என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

மீதி நாட்களும் வெந்நீர் இருந்தது. ஆனால் அக்கா என்னிடம் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவியிடம் சொன்னார்.

வேலை முடிந்ததும் அண்ணனின் கட்டில் படுக்கையறைக்குத் திரும்பியது. கட்டிலைத் தூக்க ஒரு பக்கம் நான் பிடித்தேன். எங்கள் வீட்டை நாங்கள் விற்கவில்லை. அந்த வேலைக்குப் பிறகு இருவருமே பாண்டுப் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கும் முன்பு எங்கள் குளியலறை இடுக்குகளை ஆள் வைத்துப் பார்க்கிறேன். மழை தொடங்கியதும் ஒரு டார்ச்சோடு கீழே போகிறேன். அக்கா கதவைத் திறந்து, “பாத்துக்கிடுங்க” என்று சொல்லி ஒதுங்கி நிற்கிறார். நான் சீலிங்கில் மூலைமூலையாக வெளிச்சம் அடித்து, எட்டும் இடத்தில் கை வைத்துப் பார்க்கிறேன்.

“காஞ்சுதான் இருக்குக்கா.”

“ம்.”

அண்ணன் படுத்தபடியே, டார்ச் வெளிச்சம் போகும் இடமெல்லாம் கண்ணைக் கொண்டுபோகிறார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.