குசினியில் புகை

குருமடத்தில் லத்தீன் படிக்கும் மகன் விடுமுறையில் வந்து சொன்னான். "அம்மா, சமைக்கிறதைப் போர்த்துக்கேயர் 'கொசிஞார்' எண்டுவினம், ஸ்பானியர் 'கொசினார்' எண்டுவினம். ரெண்டுக்கும் தாய் லத்தீன்தான். நாங்கள் சமையலறையைக் குசினி எண்டுறமே, அதுவும் அதுக்குச் சொந்தம்."

எனக்குச் சின்ன வயதில் முல்லைத்தீவில் இருந்த எங்கள் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குசினி கண்ணுக்குள் வந்தது. கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. என் அம்மா அடுப்பு மூட்டாமல் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புகையைக் காணாமல் பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா சோறு கொண்டுவந்தார்.

"பிள்ளையள் பட்டினியெல்லே, தங்கச்சி."

செத்தவீட்டுக்குத்தான் அயலார் அப்படிச் சோறு கொண்டுவருவார்கள்.

"இது செத்தவீடோ? கொண்டுபோங்கோ!"

அம்மா ஈர விறகை ஊதி ஊதி உலை வைத்தார். அப்பாவுக்கும் சேர்த்து அரிசி போட்டார்.

ஒரு கிழமை கழித்து அன்னம்மாக்கா திரும்பவும் சோற்றோடு வந்தார். அம்மா அதை வாங்கி எங்களுக்குப் போட்டார்.