ஜப்தியான ஃப்ரிட்ஜ்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து சமையலறை மூலையில் நிறுத்தியவர், கைப்பேசியை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். என் விரல் அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்து எதற்கு, கீறல் இருந்தால் யார் பொறுப்பு, பின்பக்கம் பார்த்துவிட்டுப் போடலாமா என்று நான் இழுத்துக்கொண்டே இருக்க, கணவர் சிரித்துவிட்டார். "அவரு ஒண்ணும் அமீனா இல்லம்மா. போட்டு அனுப்பு."

அமீனாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடன் கட்டாதவர் வீட்டுக்குக் கோர்ட் உத்தரவோடு வந்து சாமான்களை ஜப்தி செய்கிறவர். நான் பார்த்தது ஒரே ஒரு அமீனாவைத்தான். அவர் வந்ததும் ஒரு ஃப்ரிட்ஜுக்காகத்தான்.

புது ஃப்ரிட்ஜைத் திறந்தால் பிளாஸ்டிக் வாசனைதான் வருகிறது. அந்தப் பழைய ஃப்ரிட்ஜைத் திறந்தால் முதலில் மல்லிப்பூ, அப்புறம் இட்லி மாவு, அதற்கும் பின்னாலிருந்து, என்ன மூடி போட்டாலும் அடங்காத மீன்குழம்பு. ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலில் நாங்கள் இருந்த லைன் வீட்டின் ஃப்ரிட்ஜ் அது. பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், முன்னால் வீட்டுக்காரர் ரெஜினாக்காவின் வீடு. குடியிருந்த எல்லோரும் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் வைக்க இடமிருக்காது. அதனால் ரெஜினாக்கா தன் கூடத்து ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு ஒதுக்கியிருந்தார். அந்த வீட்டு முன்கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. யாராவது மாவுக்கோ முட்டைக்கோ வந்தபடியே இருப்பார்கள்.

எனக்கு மேல்தட்டு. பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி வேலைக்குப் போனபோது, மகளுக்குப் பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிடும். காலையில் தாய்ப்பாலை எடுத்துக் கிண்ணங்களில் மூடி வைத்துவிட்டு மதிய ஷிப்டுக்குக் கிளம்புவேன். ரெஜினாக்கா அதை வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கி, பாலாடையால் புகட்டுவார். கம்பெனி பஸ் ஒரகடம் சிக்னலைத் தாண்டும்போதுதான் எனக்குச் சந்தேகம் வரும், கிண்ணத்தைச் சரியாக மூடினேனா என்று. போன் செய்வேன். "மூடி கீது, பாலு கீது, உம்பொண்ணும் கீது. நீ போய் வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார். அந்தக் குரலைக் கேட்காமல் எனக்கு வேலை ஓடாது.

கடன் ரெஜினாக்கா வாங்கியதல்ல. நிலம் விற்ற பணத்தில் ஊரே வேன் வாங்கிக் கம்பெனிகளுக்கு ஓட்டிய நாட்களில், அவர் கணவர் ஒரு நண்பனின் வேன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நண்பன் வேனோடு எங்கோ போய்விட்டான். கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். கேஸ் மட்டும் சாகவில்லை. வீடு ரெஜினாக்காவுக்கு அவர் அம்மா கொடுத்தது, அதில் யாரும் கைவைக்க முடியாது. கணவர் பேரில் வாங்கிய சாமான்கள்தான் மாட்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அப்படிப் பார்த்தால் மிச்சம் இருந்தவை ஃப்ரிட்ஜும் டி.வி.யும்தான்.

நாளைக்கு அமீனாவோடு வருகிறேன் என்று கடன் கொடுத்தவரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எங்கள் பக்கத்து அறையில் இசக்கி இருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கிரிக்கெட் பைத்தியம். மறுநாள் காலை ரெஜினாக்கா சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் டி.வி.யைத் தூக்கித் தன் அறையில் வைத்துப் போர்வையால் மூடிவிட்டான். "நீங்க சும்மா இருங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்று எனக்கும் உத்தரவு. ஃப்ரிட்ஜைத் தூக்க ஆள் போதவில்லை.

அக்கா திரும்பிவந்து, டி.வி. இருந்த இடத்தைப் பார்த்தார், பின்னால் போய் இசக்கியின் அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அமீனா நான் நினைத்த மாதிரி மீசையும் அதட்டலுமாக இல்லை. நெற்றியில் விபூதி, வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்போல. திறந்தே கிடந்த கதவுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். ரெஜினாக்கா நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். கூட வந்தவன் மட்டும் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, "இன்னாதுமா இது, மாவுக் கடையா?" என்றான்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். அன்று மாலைக்கான பால் உள்ளே இருந்தது. அன்றைய பாலை விடுங்கள், நாளைக்கு எங்கே வைப்பேன்? வேலையை விட வேண்டியதுதானா? இது என் ஃப்ரிட்ஜ் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் பில் கேட்பாரா? எனக்குள் இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரெஜினாக்கா பேசிவிட்டார்.

"ஃப்ரிட்ஜ் எங்க வூட்டுக்காரரு வாங்குனது சார். உள்ள கீறது மட்டும் குடியிருக்கிறவங்களுது. டி.வி. ஒண்ணு கீது, அதுவும் அவருதுதான். பின்னால ரூம்ல போர்வை போத்திக்கினு படுத்துக்கினு கீது."

அமீனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இசக்கிக்கு முகம் செத்துவிட்டது. டி.வி.யைக் கொண்டுவந்து வைத்தவன் தாங்கமுடியாமல், "நீங்க வாங்குனதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றான்.

"அவரு கையெழுத்து, அவரு பொருளு. அதுக்குப் பொய் மட்டும் நீ சொல்லணுமா? நாளைக்கு உம்மேல கேசு வந்தா உங்கம்மாக்கு யாருடா பதில் சொல்றது?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். தன் வீட்டுச் சாமான் போகிற நேரத்தில், அடுத்தவன் அம்மாவைப் பற்றி யோசிக்க எத்தனை பேரால் முடியும்? என்னால் முடிந்திருக்காது. இன்றைக்கும் முடியுமா என்று சந்தேகம்தான்.

டி.வி. ஆட்டோவில் ஏறியது. அடுத்து ஃப்ரிட்ஜைக் காலி செய்யச் சொன்னான் அந்த ஆள். நான் பால் கிண்ணங்களை எடுத்து, மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். என்னவென்று அமீனா கேட்டார். தாய்ப்பால் என்று ரெஜினாக்கா சொன்னார். அமீனா மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஜப்தி செய்த பொருளைப் பொறுப்பான ஒருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு இங்கேயே விட்டுப்போகலாமாம். கூட வந்தவன் ஒப்புக்கொள்ளவில்லை, இவர்கள் விற்றுவிடுவார்கள் என்றான்.

"டி.வி.ய வாயால சொல்லிக் குடுத்த அம்மா, ஃப்ரிட்ஜத் தூக்கிக்கிட்டு ஓடிடுவாங்களாய்யா?"

அவன் ஆட்டோ பக்கம் போய்விட்டான். அமீனா என் பக்கம் திரும்பி, கம்பெனி ஐ.டி. கார்டு இருக்கிறதா என்று கேட்டார். அப்படித்தான் அந்த ஃப்ரிட்ஜுக்கு நான் பொறுப்பாளியானேன். கேட்கும்போது கோர்ட்டில் ஒப்படைக்கிறேன் என்ற வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போட்ட உடனே அடுத்த சந்தேகம். திறக்கலாமா சார் என்று கேட்டேன். "பாலை எடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டு எதுவும் சொல்லலம்மா" என்றார்.

அதற்கப்புறம் பல மாதங்கள் நான் அந்த ஃப்ரிட்ஜைக் கைக்குழந்தைபோலத்தான் வைத்திருந்தேன். கரண்டு போய்வந்தால் மோட்டாரில் காதை வைத்துக் கேட்பேன். இசக்கி கதவை வேகமாக மூடினால் திட்டுவேன். "கோர்ட்டம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கடே" என்பான் அவன். கைப்பேசியில் மேட்ச் பார்க்கவேண்டி வந்த கோபம் அவனுக்கு.

ரெஜினாக்கா நினைத்திருந்தால் அந்தக் கடனை உதறியிருக்கலாம். அந்த இரண்டு சாமானோடு முடிந்தது என்று வக்கீலும் சொன்னார். ஆனால் வாடகைப் பணத்திலிருந்து மாதாமாதம் கோர்ட்டில் கட்டித் தீர்த்தார். ஜப்தி நீங்கிய உத்தரவு வந்த அன்று, என் கையில் மல்லிப்பூப் பொட்டலத்தைத் திணித்து, "இனிமே ஒழுங்கா தூங்கு" என்றார்.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. இடத்தை வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ரெஜினாக்கா தன் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். ஃப்ரிட்ஜை அதற்கு முன்பே பழைய இரும்புக்காரர் எடுத்துப் போயிருந்தார்.

புது ஃப்ரிட்ஜில் மாவையும் பாலையும் வைத்த பிறகும் இரண்டு தட்டு காலியாக இருந்தது. எதிர் வீட்டுக்குப் போய், ஏதாவது வைக்க வேண்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண் புரியாமல் பார்த்துவிட்டு, "எங்ககிட்ட டபுள் டோர் இருக்குங்க" என்று சிரித்தாள். கேட்டிருக்கவே கூடாதோ என்று நினைத்தபடி திரும்பினேன். எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்குள்ளும் ஒரு ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கிறது.