சோற்றுக்கடையில் ஜமீன் அம்மாள்

போன வாரம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், கூடத்துச் சுவரில் இருந்த பெரிய ஓவியத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார். "அக்கா, இந்த ராணியக் கழட்டிரவா? யாரு, ஒங்க பாட்டியா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பாட்டிமார் யாரும் நகை பூட்டி நாற்காலியில் உட்கார்ந்து படம் வரையக் கொடுத்தவர்கள் அல்ல. ஜமீன் களத்தில் மிளகாய் வத்தல் அள்ளியவர்கள்.

அம்மாவும் அள்ளியவள்தான். வத்தல் நெடி என்று எழுதும்போதே எனக்குத் தும்மல் வருகிறது. அந்தக் காரத்தில்தான் அவள் சிறுமியாக நின்றிருக்கிறாள். களத்திலிருந்து பார்த்தால் அரண்மனைத் தலைவாசல் வழியாக அந்த ஓவியத்தின் அடிப்பகுதி மட்டும் தெரியுமாம். பட்டுப்புடவைக் கரை, கொலுசு போட்ட பாதம். முகத்தைப் பார்க்கப் படியேறி உள்ளே போக வேண்டும். எங்கள் ஆட்கள் படியேறக் கூடாது.

பிற்பாடு அம்மா திருச்சுழி சாலையில் சோற்றுக்கடை போட்டாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அரண்மனையைப் பிரித்தார்கள். தூணையும் கதவையும் வாரிசுகள் காரியாபட்டி மர வியாபாரி ஒருவருக்கு விற்க, ஓவியமும் அந்த லோடோடு ஏறியது. அவருக்கு வேண்டியது தேக்குச் சட்டம் மட்டும். வரைந்த துணியைக் கிழித்துப் போடப்போகிறார் என்று சாப்பிட வந்த லோடுமேன்கள் சொன்னதும், அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். வேலை முடியும்வரை அத்தனை ஆட்களுக்கும் சோறு போடுவதாகப் பேசி, சட்டத்தோடு வாங்கி வந்தாள்.

அன்றுதான் முகத்தைப் பார்த்தாள். கழுத்து நிறைய நகை. கண்ணில் மட்டும் ஒரு மிரட்சி. "அடி ஆத்தி, இம்புட்டுச் சின்னப் புள்ளையா இவுக!"

கல்லாவுக்கு மேலே மாட்டித் தினமும் துடைத்தாள். எனக்குத் தலைவாரிவிட நேரமில்லை என்பவளுக்கு, அந்த அம்மாளின் மூக்குத்தியைத் துடைக்க மட்டும் நேரம் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

விஷயம் பரவி, சென்னையிலிருந்து ஜமீன் வாரிசு ஒருவர் காரில் வந்து இறங்கினார். "எங்க கொள்ளுப்பாட்டி படம். சாம்பார் வாளிக்கு மேல தொங்கறது எங்களுக்கு அவமானம். குடுத்துடுங்க."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "லாரியில ஏத்துனப்ப அவமானமாத் தெரியலையாக்கும்? சரி தம்பி, அவுக பேரச் சொல்லுங்க. சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போங்க."

அவர் செல்போனில் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "பெரியம்மான்னுதான் கூப்பிடுவாங்களாம்" என்றார், குரல் இறங்கி.

"பேரு தெரியாதவுகளுக்குப் படம் எதுக்கு? அவுக இங்கனயே இருக்கட்டும். நீங்க உக்காருங்க, எலை போடுறேன்."

அவர் உட்காரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கார் கிளம்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

சாலையை அகலப்படுத்தியபோது கடை போனது; படம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அரண்மனை இருந்த இடத்தில் கல் ஊன்றி பிளாட் விற்கிறார்கள். களம் எது, படி எது என்று காட்ட ஆளில்லை. அம்மாவும் போய்விட்டாள். படத்தைக் கேட்டு வரக்கூட இப்போது யாருமில்லை.

வந்தாலும் கொடுக்க மாட்டேன்.