ஒற்றைக் கோடு வந்த கடலை

செடெனாக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோழித்தீவனத் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. லாரியில் வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். அஃப்ளாடாக்சின் என்பார்கள். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வறுத்தாலும் முழுசாகப் போகாது. வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் ஈரலைக் கெடுத்துவிடும். விருந்துகளில் நான் இதைப் பேச ஆரம்பித்தால், சொந்தக்காரர்கள் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

என் நாத்தனாருக்கு, அதாவது கணவரின் அக்காவுக்கு, வீடு சிகாமட்டில். மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கடலை உருண்டை பிடிக்க ஒரு மூட்டை கடலை வாங்கி வைத்திருந்தார். வெள்ளம் வந்து மூட்டையின் அடிப்பாகம் நனைந்துவிட்டது. தண்ணீர் வடிந்து சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். முற்றம் முழுக்கக் கடலை காய்ந்துகொண்டிருந்தது.

“அண்ணி, இது வேணாம். தூக்கிப் போட்டுருங்க.”

“அட, அலமாக்! நல்ல கடலைலா! பூஞ்சை புடிச்சத பொறுக்கிட்டேன், மிச்சத்தக் கழுவிக் காய வச்சிட்டேன். மோந்து பாரேன்.”

“மோந்தா தெரியாது அண்ணி.”

“நேத்து ஒரு பிடி தின்னேன். நல்லாத்தானே நிக்கிறேன்?”

பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். மேலதிகாரியிடம் போனில் அனுமதியும் வாங்கினேன். நஞ்சு எல்லாக் கடலையிலும் சமமாகப் பரவியிருக்காது. பல இடங்களில் அள்ளிக் கலந்து அரைத்தால்தான் ஓரளவு நம்பலாம். அதனால் இரண்டு கிலோ கேட்டேன்.

“ரெண்டு கிலோவா? டெஸ்ட் பண்ணவா, ஆபீஸ்ல உட்கார்ந்து கொறிக்கவா?” என்று கேட்டுக்கொண்டே அளந்து கொடுத்தார்.

மறுநாள் அரைத்து, கரைத்து, பரிசோதனைப் பட்டையை அதில் நிறுத்தினேன். எங்கள் பட்டையில் இரண்டு கோடு வந்தால் நல்லது. ஒரே கோடு என்றால் நஞ்சு அளவுக்கு மேல். ஒரே கோடுதான் வந்தது. படம் எடுத்து, ‘ஒரு கோடுதான் வந்திருக்கு, சாரி’ என்று எழுதி நாத்தனாருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அது நாத்தனாருக்குப் போகவில்லை. குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூத்த மகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தால், கணவரின் சித்தி எழுதியிருந்தார்: ‘மனச விட்றாதம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்.’ பாலோ ஊரில் இருக்கும் மாமா கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பியிருந்தார். மூத்தவன் ஒன்றும் எழுதாமல் குழுவை விட்டே வெளியேறியிருந்தான்.

மாமியார் போன் செய்தார். “இந்த வயசுல எதுக்கும்மா? சரி, ஆசப்பட்டுட்டீங்க. முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

அடுத்து, சிங்கப்பூரில் வேலை செய்யும் கணவர். குரலைத் தாழ்த்தி, “நாம எப்ப இத முடிவு பண்ணோம்?” என்றார்.

“கடலைங்க! உங்க அக்கா வீட்டுக் கடலை!”

“கடலைக்கு எதுக்குக் கர்ப்ப டெஸ்ட்?”

எல்லோருக்கும் விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியாக நாத்தனார் அழைத்தார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன்.

“அப்ப நான் தின்ன அந்த ஒரு பிடி?”

“ஒரு பிடிக்குப் பயப்படாதீங்க அண்ணி. தொடர்ந்து சாப்பிட்டாதான் ஆபத்து.”

“மாப்பிள்ள வீட்டுக்குக் குடுத்திருப்பேனே.” அடுத்து மூட்டையின் கவலை வந்தது: “பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டுரலாமா?”

“கோழிக்கு இது போயிடக் கூடாதுன்னுதான் அண்ணி எனக்குச் சம்பளமே தர்றாங்க.”

மூட்டையைக் கட்டிக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு லட்டு செய்தார்.

அன்று பந்தியில் நாத்தனார் மாப்பிள்ளை வீட்டார் நடுவே நின்று பெருமையாகச் சொன்னார்: “ஈரம் பட்ட சாமான்ல ஒரு விஷம் வரும், தெரியுமா? பேரு அப்பளம் டாக்சின். நாங்களே டெஸ்ட் பண்ணிக் கண்டுபுடிச்சோம்!”

மாப்பிள்ளையின் பெரியப்பா இலையிலிருந்த அப்பளத்தை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளினார். அவரைப் பார்த்து அந்த வரிசை முழுக்கத் தள்ளியது. நான் என் அப்பளத்தை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி நொறுக்கித் தின்றேன். யாரும் நம்பவில்லை.