பகலில் எரியும் விளக்கு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் காலை பத்து மணி. போரால் கடலுக்குப் போகத் தடை என்பதால் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன. பொலிவியாவில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த சேவியரின் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான் திரும்பிவிட்டேன்; அவன் இன்னும் அங்கேதான்.

மாதா சுரூபத்தின் முன்னால், நல்ல வெயிலில், ஜாம் போத்தல் விளக்கொன்று எரிகிறது. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து விற்கும் காலம் இது.

“பகலிலை ஏன் தங்கச்சி விளக்கு?”

“அங்கை இப்ப இரவெல்லே அண்ணை. அவர் தொழிலுக்குப் போயிருப்பார். வள்ளம் கரைக்கு வருமட்டும் விளக்கை நூர்க்க மாட்டன்” என்கிறாள் சேவியரின் மனைவி.

“அப்ப எங்கடை இரவுக்கு?”

“நானும் பிள்ளையளும் இருட்டுக்கை இருப்பம்.”

பொலிவியாவுக்குக் கடலே இல்லை. மலைமேல் ஒரு ஹோட்டலில் சேவியர் உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, மீன்பிடிக்கப் போவதாகக் கடிதம் எழுதுகிறான். அவன் எழுதும்போதெல்லாம் நான் பக்கத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

“அங்கத்தைக் கடல் பொல்லாததோ அண்ணை?”

போத்தலின் அடியில் ஒரு விரற்கடை எண்ணெய்தான் மிச்சம்.

“இல்லை தங்கச்சி, குளம் மாதிரி. திரியைக் குறைச்சு விடுங்கோ. சின்னனா எரிஞ்சாலே காணும்.”